சண்டைக்காரர் அமைதியானபோது

மலேசியாவின் கேமரன் மலையில் மனநல நர்ஸாக வேலை பார்த்தபோது நான் கண்டுகொண்டது ஒன்று. அங்கே தேயிலை எஸ்டேட்டில் எல்லாருமே டாக்டர்கள்தான். படித்துவிட்டு வந்த நாங்கள் மட்டும்தான் யோசித்துக்கொண்டிருப்போம்.

தேயிலைக் கொழுந்து ஏற்றும் லோரியை ஓட்டும் முனியாண்டியை மனைவி சரசு கிளினிக்குக் கூட்டிவந்தாள். காரில் ஏற்றிவந்தவர் கிராணி, அதாவது எஸ்டேட் ஆபீஸ் கிளார்க். புது நோயாளி என்றால், இதற்கு முன்னால் ஆள் எப்படி என்று கேட்போம். சரசு வாயைத் திறக்குமுன் கிராணி ஆரம்பித்துவிட்டார்.

"சந்தேகப் பேர்வழி மிஸ்ஸி. மேனேஜர்கிட்டயே மல்லுக்கு நிப்பான். இப்ப கொஞ்ச மாசமா தங்கமான ஆளுலா! சத்தமே இல்ல. இதுக்குப் போயி மருந்தா?"

"நான் சோத்துல வெஷம் வைக்கிறேன்னு செவுத்துக்குள்ளேருந்து யாரோ சொல்றாங்களாம்," என்றாள் சரசு. "வெறும் பிஸ்கட்டுதான் திங்கிறாரு. எனக்கு எம் புருஷன் வேணும் மிஸ்ஸி."

"அவன் எப்பவுமே சந்தேகப்படுற ஆளுதானே," என்று கிராணி கையை விரித்தார். எங்கள் பாடப்புத்தகம் முழுவதையும் ஒரே வரியில் முடித்துவிட்டார் மனிதர்.

சந்தேகக் குணம் உள்ள சிலருக்கு இப்படிக் குரல் கேட்கும் மனச்சிதைவு நோய் வரும் வாய்ப்புக் கொஞ்சம் கூடுதல் என்பது உண்மைதான். ஆனாலும் குணம் வேறு, நோய் வேறு. பழைய முனியாண்டி சந்தேகப்பட்டால் நேரில் நின்று கத்துவார், பதில் கேட்பார். இப்போது யாரிடமும் எதையும் கேட்கவில்லை. ஆள் மாறிப்போனதே அறிகுறி. அதை எஸ்டேட்டே நன்னடத்தை என்று மெச்சிக்கொண்டிருந்தது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

டாக்டர் அவரை வார்டில் சேர்த்தார். மருந்து வேலை செய்தது. வீட்டுக்குப் போய்ச் சில வாரம் கழித்து ஃபாலோ அப்புக்கு வந்தவர், பின்னால் வந்த ஆளை முன்னால் கூப்பிட்டேன் என்று கவுண்டரைத் தட்டி என்னைப் பிடிபிடியென்று பிடித்தார்.

சரசுவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "காலையில ரெண்டு தட்டு சோறு சாப்பிட்டுட்டு, கறில உப்பு பத்தலன்னு சண்டை மிஸ்ஸி!" என்றாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

மறுவாரம் கிராணி போன் செய்தார்.

"மருந்து சரியில்ல மிஸ்ஸி. பிரேக் மாத்தினாத்தான் லோரிய எடுப்பேன்னு சாவிய மேசையில வச்சிட்டான். டோஸ் கொஞ்சம் கூட்டிக் குடுங்களேன்."

"பிரேக்குக்கு எங்ககிட்ட மருந்து இல்லைங்க ஐயா. வொர்க்‌ஷாப்புக்கு அனுப்புங்க," என்றேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். முன்னால் ஆள் எப்படி என்று விசாரிக்கும்போது, பதில் சொல்கிறவருக்கு எப்படிப்பட்ட ஆள் வசதி என்பதையும் சேர்த்து விசாரித்துவிடுங்கள்.