சித்தேரிக்குப் போன பையும் வந்த சாமையும்

கயல், முகிலா, உங்கள் பள்ளியில் யாராவது, “உங்கப்பாதானே சித்தேரி நிகழ்ச்சியைக் கெடுத்தது?” என்று கேட்டால் தலையைக் குனியாதீர்கள். நடந்ததை எழுதுகிறேன். படித்துவிட்டு நீங்களே பதில் சொல்லுங்கள்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குப் பாப்பிரெட்டிப்பட்டியில் நம் குட்டியானை வண்டியைக் கிளப்பினேன். பின்னால் புத்தகப்பை மூட்டைகள். முன்னால் காரில் உங்கள் பள்ளியின் பெற்றோர் குழு. அரூரில் டீ பன்னிரண்டு ரூபாய். அங்கிருந்து சித்தேரி மலை இருபத்தைந்து கிலோமீட்டர் போல இருக்கும். வளைவுகளில் வண்டி முதல் கியரில் முனகியது. வாடகைக்குப் போனாலும் மலையேறும்போது எனக்கு மனசு லேசாகிவிடும்.

ஒன்பது மணிக்கு மேல் போய்ச் சேர்ந்தோம். பள்ளிக்கூட மைதானத்தில் பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்தினார்கள். பையைத் தூக்கிப் பிடித்து, செல்போனைப் பார்த்து நன்றி சொல்ல வேண்டும், அதுதான் ஏற்பாடு. பைகளில் பாதி, வருஷம் பிறந்ததும் புதிது வாங்கிக்கொண்டு உங்களைப் போன்றவர்கள் கழித்தவை. ஜிப்பெல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

மாதம்மா என்றொருவர் மகளோடு வந்தார். அந்தப் பெண் புத்தகங்களை உரச்சாக்கில் தைத்த பையில் வைத்திருந்தாள். மாதம்மா துணியில் முடிந்த ஒரு படி சாமையைக் குழுத் தலைவரிடம் நீட்டினார். வெறுங்கையோடு எதையும் வாங்குவதில்லை என்பது அவர்கள் வழக்கமாம். தலைவர் சிரித்தார். சாமையெல்லாம் வேண்டாம், பாப்பா கேமராவைப் பார்த்து நன்றி சொன்னால் போதும் என்றார்.

“நீங்க வாங்கலைன்னா நாங்களும் வாங்கலைங்க. புள்ளய வெச்சிப் பிச்ச எடுத்த மாதிரி ஆவுமுங்க.”

“நன்றி தெரியாத ஜனம்” என்று எங்களிடம் திரும்பிச் சொன்ன தலைவர், அவளுக்கென்று எடுத்த பையை வண்டியிலேயே போடச் சொன்னார். வாரைத் தொட்டிருந்த அந்தப் பெண் கையை இழுத்துக்கொண்டாள். அப்போதுதான் பார்த்தேன். முகிலா, அது உன் பை. மேலே இருக்கிற படம் பழசாகிவிட்டது என்று நீ தூக்கிப் போட்டது.

“அந்தப் பை என் வூட்டுதுங்க. எம் பையன் முகிலனோடது. நானே குடுக்குறேன், சாமைய நானே வாங்கிக்கிறேன்” என்றேன்.

“டிரைவர் வேலைய மட்டும் பாருப்பா.”

“இதையும் பாத்துக்கிறேங்க.”

பையை அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கையாலும் சாமையை வாங்கினேன். “அளந்து பாத்துக்கங்க. அப்புறம் மலைக்காரி கொறச்சிட்டான்னு சொல்லப்புடாது” என்றார் மாதம்மா. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அடுத்த முறை வேறு வண்டி பார்த்துக்கொள்வதாகத் தலைவர் சொன்னார். சரிங்க என்றேன்.

இறங்கும்போது நினைத்துக்கொண்டே வந்தேன். நான் எட்டாவதுதான் படித்தேன். ஆனாலும் சொல்கிறேன், வெயிலில் நிற்க வைத்துக் கறக்கிற நன்றி நமக்கு வேண்டாம். பிறர் கையிலிருந்து வாங்கக் கூசுகிறவர் கொடுப்பதை நான் நம்பமாட்டேன். பள்ளியில் நன்றியைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால், டீச்சர் மதிப்பெண்ணைக் குறைத்தாலும் நீங்கள் இதையே எழுதுங்கள்.

மறுநாள் நீங்கள் அம்மாவோடு பொம்மிடிக்குப் போயிருந்தீர்கள். குழுவினர் வண்டியில் கட்டிய பேனர் அப்படியே இருந்தது. ‘ஏழைகளுக்கு எங்கள் அன்பளிப்பு’ என்ற எழுத்துக்குக் கீழே வரிசையாக அவர்களின் சிரித்த முகங்கள். அவிழ்த்து மொட்டைமாடிக்குக் கொண்டுபோனேன். முகங்கள் தரையைப் பார்க்கும்படி விரித்து, அதன் மேல் சாமையைக் காயப் போட்டேன்.