என் ஹார்னுக்குத் திறந்த கதவுகள்

எட்டாம் வகுப்போடு ஊரைவிட்டுக் கிளம்பியவன் நான். எங்கெங்கோ என்னென்னவோ வேலை பார்த்துவிட்டு, கடைசியில் மும்பை தாராவியில் தங்கி, சைக்கிளில் இட்லி விற்க ஆரம்பித்தேன். சுனாபட்டிச் சந்துகளில் என் ரப்பர் ஹார்ன் கேட்டால் பாத்திரத்தோடு வருவார்கள். அந்த வாடிக்கைதான் என் கைமுதல்.

மஞ்சள் காமாலை வந்து ஊருக்குப் போனபோது, சைக்கிளையும் ஹார்னையும் என் அறையில் தங்கியிருந்த முருகேசனிடம் கொடுத்தேன்.

"கவலப்படாதீய அண்ணாச்சி, வாடிக்கைய நான் பாத்துக்கிடுதேன்" என்றான்.

உடம்பு தேறித் திரும்பினால் அறையில் அவன் இல்லை. போனையும் எடுக்கவில்லை. வாடகை சைக்கிளில், புது ஹார்னோடு அதே சந்துக்குப் போய் அமுக்கினேன். தினமும் என்னிடம் வாங்கும் செல்வி அக்கா மட்டும் எட்டிப் பார்த்தார். பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணாச்சி! நீங்க தவறிட்டீங்கன்னு முருகேசன் சொன்னாரே! நாங்கல்லாம் அழுதோமே!"

"செத்தவன் இட்லி அவிப்பானாக்கா? பாத்திரத்தக் கொண்டாங்க."

சிரித்தபடி பாத்திரத்தோடு வந்தார். அப்போது சந்து முனையில் என் பழைய ஹார்ன் கேட்டது. கதவுகள் திறந்தன.

"பிள்ளைங்களுக்கு அவரு சட்னி பழகிருச்சு அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு அக்கா அந்தப் பக்கம் நடந்தார்.

இப்போது அந்தப் பக்கமே போகாமல், தள்ளி மான்குர்தில் விற்கிறேன். முருகேசன் மேல் இருந்த கோபம்கூட ஆறிவிட்டது. நான் செத்தேன் என்று அழுதவர், உயிரோடு வந்து நின்றதும் அவனிடம் போனாரே, அதுதான் ஆறவில்லை.