ஸீ லெவலில் நின்ற கேஜ்

தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில், தொழிலாளர்களுக்கான எங்கள் லைன் வீட்டில் லெவல் என்றால் ஒரே அர்த்தம்தான். ஆட்களை இறக்கும் இரும்புக் கூண்டான கேஜ் போய் நிற்கும் சுரங்கத் தளம். ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் உண்டு. "ஸீ லெவலுக்கும் கீழ போய் வேல செஞ்சிட்டு வர்றேன்" என்று அப்பா ஒருநாள் சொன்னபோது, நம்பருக்குப் பதில் கடலின் பெயர் வைத்த ஒரு தளம் இருப்பதாகவே நினைத்துக்கொண்டேன். கேஜ் அங்கே நிற்கும், கதவைத் திறந்தால் கடல். அப்பாவின் தலைவிளக்கு வெளிச்சத்தை மீன்கள் வந்து மொய்க்கும். ஷிப்ட் முடிந்து வரும்போது அவர் சட்டை முதுகில் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கும். வேறென்ன சாட்சி வேண்டும் எனக்கு? ஸீ லெவல் என்பது உயரத்தை அளக்கும் கடல் மட்டம்தான் என்று பள்ளியில் உண்மையைச் சொன்ன டீச்சர் மேல்தான் கோபம் வந்தது.

சென்னையில் களிமண்ணைச் சுட்டுச் செய்யும் செராமிக் கலை படிக்கப் போகிறேன் என்றதும் அப்பா இடிந்துபோனார். "நான் மண்ணுக்குள்ள கெடந்தது போதாதா? நீயுமா மண்ணுல கைய வெக்கணும்?" என்றார். நானும் அவர் மகள்தானே, பிடித்த பிடியை விடவில்லை. அதன்பிறகு என் படிப்பைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. அது எனக்கு ரொம்ப வலித்தது.

படிக்கும்போது ஒருநாள் போன எண்ணூர் கடலோரத்தில் துருப்பிடித்த இரும்புத் தூண்களில் சிப்பிகள் கொத்துக்கொத்தாக ஒட்டியிருந்தன. அலை ஏறி இறங்கும்போது தூண்களே கேஜ் மாதிரி மெல்ல இறங்கிப் போவதுபோல இருந்தது. வெகுநேரம் நின்றேன். திரும்பி வந்து களிமண்ணில் ஒரு கேஜ் செய்தேன். கம்பியெல்லாம் சிப்பி, தரையெல்லாம் பாசி. மேலே நீலமும் பச்சையுமாகப் பளபளக்கும் பூச்சு கொடுத்துச் சூளையில் சுட்டேன்.

அதற்குள் சுரங்கத்தையே மூடி அப்பாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கேஜை மடியில் வைத்துக்கொண்டு ரயில் ஏறினேன். அவருக்கு இது பிடிக்காமல் போனால், இனி மண்ணைத் தொடும்போதெல்லாம் அந்த முகம்தான் நினைவுக்கு வரும். பங்காருபேட்டையில் வண்டி மாறும்போது துப்பட்டாவை அதன்மேல் இன்னொரு சுற்று சுற்றிக்கொண்டேன்.

வீட்டில் மேசைமேல் வைத்த கேஜை அப்பா சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். கம்பிகளுக்குள் விரலை விட்டுச் சிப்பிகளைத் தடவினார். பிறகு விரலை லுங்கியில் துடைத்துக்கொண்டார். சூளையில் வெந்து கல்லாகிவிட்ட அதில் சொட்டு ஈரம் கிடையாது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"கடலு இப்டிதான் இருக்குமாம்மா?"

"நேர்லயே பாக்கலாம், வாங்கப்பா."

சுரங்கம் மூடியதையே மறந்து விரலில் நாட்களை எண்ணினார். "லீவு கேக்கணுமே" என்றார்.

"கேளுங்கப்பா" என்றேன்.