ஒரு கோல்கீப்பரின் வாயும் எங்கள் வீடும்

அந்த ஆள் எங்கள் வீட்டுக்குள் வந்தது என்னால்தான். திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வடிவமைக்கிற வேலை எனக்கு. பெட்டிமேல் யார் படம் இருக்கலாம் என்பதற்கு எங்கள் ஊரில் விதி ஒன்றும் கிடையாது. கிளி இருக்கும், ராக்கெட் இருக்கும், பெயர் தெரியாத ஒரு வெள்ளைக்காரக் குழந்தை கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருக்கும். அந்த வருஷம் ஒரு வெடிக்கு, வாயைப் பிளந்து கத்துகிற மாதிரி ஒரு மூஞ்சி வேண்டும் என்று ஆர்டர் வந்தது. மாதிரிக்காக இணையத்தில் தேடியபோதுதான் அவரைப் பார்த்தேன்.

கையில் பெரிய உறை, பின்னால் கோல் வலை, கழுத்தில் நரம்பெல்லாம் புடைத்து நிற்கிறது. வாய் முழுக்கத் திறந்திருக்கிறது. ஆனால் படத்தில் பந்தும் இல்லை, எதிராளியும் இல்லை. அந்த முகத்தைப் பார்த்து, ஜாடை மாற்றி ஒரு படம் வரைந்தேன். ஆர்டர் கொடுத்த பார்ட்டி வந்து பார்த்துவிட்டு, "பிள்ளைக பயந்துரும்மா. வாயை மட்டும் மூடி விட்ருங்க" என்றார். மூடினேன். சூலக்கரை கலெக்டர் ஆபீஸில் காலையிலிருந்து மனுவோடு உட்கார்ந்திருக்கிறவர் மாதிரி ஆகிவிட்டது. கடைசியில் ஒரு சிங்கத்தைப் போட்டு அனுப்பினோம். எனக்கு மட்டும் மனசு ஆறவில்லை. இந்த மனுஷன் இம்புட்டு கோபமாக யாரைத் திட்டுகிறார்?

எனக்கு ஒன்று தெரியவேண்டும் என்று தோன்றிவிட்டால் சோறு இறங்காது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் செல்போனில் தேடினேன். தென் அமெரிக்காவில் ஒரு சின்ன நாடு. இருபது வருஷம் கோல்கீப்பராக நின்று, இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். படத்தில் அவர் திட்டிக்கொண்டிருந்தது சொந்த அணிக்காரர்களைத்தான். இதுதான் எனக்கு முதல் ஆச்சரியம்.

சாயங்காலம் என் வீட்டுக்காரரிடம் காட்டினேன். அவர் அப்போது ஒரு பட்டாசு ஆலையில் போர்மேன். போர்மேன் என்றால் ஒவ்வொரு ரூமாகப் போய்ப் பார்க்கிற ஆள். ஒரு ரூமுக்கு நாலு பேருக்கு மேல் உட்காரக்கூடாது, கலந்த வெடிமருந்து தானாகப் பற்றிக்கொள்ளும் என்பதால் மறுநாளைக்கு வைக்கக்கூடாது, இடி இடித்தால் எல்லோரும் வெளியே வரவேண்டும். இதையெல்லாம் சொல்லிக்கொண்டே திரிவதுதான் வேலை. அவர் சொல்லமாட்டார், கத்துவார். படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "எல்லாரும் முன்னால பாத்து ஓடுதாக. இந்த ஆளு ஒருத்தருக்குத்தான் மொத்த மைதானமும் தெரியுது. கத்தாம என்ன செய்வாரு?" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரம் என்றால் அந்த கோல்கீப்பர்தான்.

ஸ்பானிஷில் பேசுவார். கீழே தமிழில் எழுத்து ஓடும், பாதிக்கு அர்த்தமே இருக்காது. மீதியை வைத்து அவர் கதையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கோத்துக்கொண்டேன். ஆற்றுத்துறை ஊர். அப்பா படகில் மூட்டை ஏற்றுகிறவர், வீடு நிறையப் பிள்ளைகள். தெருவில் விளையாடும்போது செருப்பில்லாதவனால் ஓட முடியாது என்று இவரைக் கோலில் நிற்க வைத்திருக்கிறார்கள். ஓடத்தான் முடியாது, கத்தலாம் இல்லையா? அப்படித்தான் ஆரம்பித்தது என்று அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்.

பெரிய அணியில் சேர்ந்த பிறகும் நாலைந்து வருஷம் மாற்று ஆளாக வெளியே உட்கார்ந்தே இருந்திருக்கிறார். அங்கே உட்கார்ந்துகொண்டும் வாய் சும்மா இல்லை. மைதானத்துக்குள் கால் வைப்பதற்கு முன்பே நடுவர் சிவப்பு அட்டை காட்டி வெளியே அனுப்பினாராம். உள்ளேயே போகாத ஆளை எப்படி வெளியே அனுப்புவது என்று எனக்கு விளங்கவே இல்லை. என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

அப்புறம் முதல் கீப்பருக்குக் கை முறிந்து இவருக்கு இடம் கிடைத்தது. இடம் கிடைத்ததும் பேச்சு மைதானத்தைத் தாண்டியது. நடுவரைப் பேசினார், அணி முதலாளியைப் பேசினார். ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லாத ஊரில் இத்தனை பெரிய மைதானம் எதற்கு என்று நாட்டுத் தலைவரையே கேட்டார். பேசியதெல்லாம் சரி என்றும் சொல்லமுடியாது. கூட விளையாடிய ஒருவரின் வீட்டுப் பெண்களை இழுத்துப் பேசிவிட்டு, பிறகு டிவியில் உட்கார்ந்து அழுது மன்னிப்புக் கேட்டார். ஒரு முறை நடுவரோடு திரும்பி நின்று வாதாடிக்கொண்டிருந்தபோது பந்து அவர் முதுகுக்குப் பின்னால் உருண்டு கோலுக்குள் போய்விட்டது. அதை நான் மூன்று முறை ஓடவிட்டு, "நல்லா பாத்துக்கிடுங்க. இது யாருன்னு தெரியுதா?" என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

அவருக்குத் தெரியும். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவர் மாறிய மூன்றாவது ஆலை அது. முதல் இரண்டிலும் வேலை தெரியாமல் போகவில்லை, வாயால் போனது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார் என் அப்பா. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார் மாமனார். இரண்டில் எது நிஜம் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அந்த கோல்கீப்பரின் வாழ்க்கையை நான் விடாமல் துரத்தியதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஜாதகத்தில் போட்டிருப்பதைவிட இது நம்பகமாக இருக்கும் என்று பட்டது. இப்படிப் பேசுகிற ஒருவருக்குக் கடைசியில் என்னதான் ஆகிறது?

ஆடி மாசம் இருக்கன்குடி அம்மன் கோயிலுக்குப் போயிருந்தோம். கண்ணில் நோவு என்றால் அங்கே கண்மலர் வாங்கிப் போடுவார்கள், காலில் நோவு என்றால் தகட்டில் அடித்த கால். அவர் தம்பட்டக்காரர்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த சமயம் நான் கடைக்காரரிடம், வாய் மட்டும் கிடைக்குமா என்று கேட்டேன். அவர் தட்டை ஒரு கிளறு கிளறிவிட்டு, "வாய் தனியா வராதும்மா. முகமாத்தான் வரும்" என்றார். முழு முகத்தையே வாங்கி, இவர் வாய்க்கு ஒரு பூட்டுப் போடு தாயே என்று வேண்டி உண்டியலில் போட்டேன். உள்ளே விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. ஆத்தாளுக்கு எத்தனை வேலையோ.

ஆடி பதினெட்டு பூஜை முடிந்ததும் சீசன் சூடு பிடித்தது. மழையில் போன நாட்களுக்கும் சேர்த்து லோடு ஏற்றவேண்டும் என்று ஆலையில் நெருக்கினார்கள். என் தங்கையும் அதே ஆலையில்தான், மருந்து செலுத்துகிற ரூமில். அவள் வந்து சொல்லித்தான் எனக்கு எல்லாம் தெரியும். நாலு பேர் ரூமில் காலையில் ஐந்தாவது ஆளை உட்கார வைப்பார்கள், பத்து மணிக்கு ஆறாவது. இவர் வாசலில் வந்து நின்று, "எந்திரிங்க! எல்லாரும் வெளியே!" என்று கத்துவார். எல்லோரும் கைத்தூசியைத் தட்டிக்கொண்டு வெளியே வருவார்கள். நாலு பேர் மட்டும் திரும்பி உள்ளே போவார்கள். "உங்க அத்தான் சத்தத்துல வெடி தானா வெடிச்சிரும் போலடி" என்று பெண்கள் தங்கையிடம் கேலி பேசுவார்களாம். செய்கிற வேலைக்கு ஏற்ற கூலி என்பதால் எழுந்து நிற்கிற ஒவ்வொரு நிமிஷமும் அவர்களுக்கு எரிச்சல்தான். தங்கைக்கும் எரிச்சல்தான்.

ஒருநாள் மிச்சம் இருந்த மருந்துக் கலவையை மறுநாள் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று மேனேஜர் சொல்லியிருக்கிறார். இவர் லாரிக்காரர்கள், ஏஜெண்டு எல்லோரும் நிற்கிற முற்றத்தில் வைத்து, "நாளைக்கு காலையில நீங்க வந்து ரூமைத் திறக்கீகளா?" என்று கேட்டுவிட்டார். அன்று கலவையை முடித்துவிட்டுத்தான் போனார்கள். மறுநாள் இவரை வாசலிலேயே நிறுத்தி, இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

நான் ஒரு வாரம் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் கோல்கீப்பரை விடவில்லை. இப்போது எனக்கு அவசரம். பெரிய போட்டிக்கு ஒரு மாதம் முன்னால் அவரையும் நாட்டு அணியிலிருந்து தூக்கியிருந்தார்கள். வீட்டில் உட்கார்ந்து டிவியில் பார்த்தார். அணி தோற்றதும், இவர் இருந்திருந்தால் ஜெயித்திருப்போம் என்று ஊர்ச்சனம் அவர் வீட்டு முன்னால் கூடியது. அடுத்த வருஷம் மறுபடி கூப்பிட்டார்கள், மறுபடி பேசினார், மறுபடி தூக்கினார்கள். சரி, அதற்குப் பிறகு? சாப்பாட்டுக்கு என்ன செய்தார், வீட்டில் என்ன சொன்னார்கள்? இதையெல்லாம் எந்தப் பேட்டியிலும் யாரும் கேட்கவில்லை. கேட்கிறவர்கள் எல்லாம் ஆண்கள்.

கடைசியில் ஒரு வீடியோ கிடைத்தது. தலை நரைத்து, தொண்டை கட்டிப்போய், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சின்ன ஊர் ஒன்றில் கீப்பர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறாராம். பேசிப் பேசி என்ன கண்டீர்கள் என்ற மாதிரி ஒரு கேள்வி. தடுத்த பந்துக்கெல்லாம் கணக்கு வைத்திருக்கிறார்கள், நான் கத்தியதால் என் பக்கமே வராமல் போன பந்துக்கு யார் கணக்கு வைத்திருக்கிறார்கள் என்று திருப்பிக் கேட்டார். என் வீட்டுக்காரர் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கணக்கில் வராததை வைத்து ரேஷன் கடையில் அரிசி வாங்கமுடியுமா?

அப்போது சாத்தூர்ப் பக்கம் ஓர் ஆலையில் அவருக்கு வேலை பேசிக்கொண்டிருந்தார்கள். அங்கேயாவது வாயைத் திறக்கக்கூடாது, ஆலைக்காரர் யாரிடமும் ஒரு சொல் எதிர்த்துப் பேசக்கூடாது என்று என் தலையில் கைவைத்துச் சத்தியம் வாங்கினேன். செய்துகொடுத்தார். அதற்கப்புறம் நிஜமாகவே பேச்சுக் குறைந்துபோனது. குழாயில் தண்ணீர் வராத அன்றுகூடத் தெருவில் இறங்கிச் சண்டை போடவில்லை. ஆத்தா முகத்தை வாங்கிக்கொண்டு காரியத்தை முடித்துவிட்டாள் என்று நினைத்தேன்.

சாத்தூர் வேலை இன்னும் முடிவாகாத ஒரு மத்தியானம், எனக்குச் சாப்பாடு கொண்டுவந்து அச்சகத்தில் கொடுத்துக்கொண்டிருந்தார். அப்போது அந்தச் சத்தம் கேட்டது. எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சோதனைக்கு வெடிக்கிற சத்தம் தெரியும், இந்தச் சத்தமும் தெரியும். ஜன்னல் அதிர்ந்து நிற்பதற்குள் அச்சகத்தில் எல்லோர் கையிலும் செல்போன் இருந்தது. என் தங்கைக்கு நான் போன் போடமுடியாது. ஆலைக்குள் போகிறவர்கள் செல்போனை வாசலில் கொடுத்துவிட்டுத்தான் போகவேண்டும். புகை அவள் ஆலை இருக்கிற திசையில்தான் எழும்பியது.

வண்டியில் உட்கார்ந்தேன். லாரி குறுக்கே வந்தது, ஆட்டுக்கிடை குறுக்கே வந்தது, அவர் ஒருவரையும் ஒன்றும் சொல்லவில்லை. நான் அவர் முதுகைத் தட்டி, "ஏதாவது பேசுங்க" என்றேன். பேசவில்லை. அவர் பேசாமல் இருந்து எனக்கு அவ்வளவு பயம் வந்தது அன்றைக்குத்தான்.

வெடித்தது வேறு ஆலை, இன்னும் தள்ளி. தங்கை வாசலுக்கு உள்பக்கம் தூக்குவாளியோடு மற்ற பெண்களுடன் நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கம்பிக் கதவுக்கு ஓடிவந்தாள். "இங்கன ஒண்ணுமில்லக்கா. அங்கன ஒரு ரூம் போயிருச்சாம். சாப்பாட்டு நேரம், உள்ள ஆளு இல்லையாம்" என்றாள். கம்பிக்கு ஊடாக அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கையெல்லாம் மருந்துச் சாம்பல் நிறம்.

"உங்க ரூம்ல எத்தனை பேருடி?" என்று கேட்டேன்.

அவள் என்னைப் பார்க்காமல் அத்தானைப் பார்த்தாள். "ஏழு."

மணி அடித்தார்கள். புதுப் போர்மேன் நல்ல மனுஷன்போல, அதிராமல் பேசுகிறவர். "சரி, போங்கம்மா, நேரமாச்சு" என்றார். வாசலுக்கு நேர் எதிரே இருந்தது அந்த ரூம். பெண்கள் ஒவ்வொருவராகப் போக ஆரம்பித்தார்கள். தங்கையும் கையை உருவிக்கொண்டு போனாள். என் வீட்டுக்காரரின் கழுத்து நரம்பு புடைத்தது. வாய் திறந்தது, என்னைத் திரும்பிப் பார்த்தார், மூடிக்கொண்டார்.

உள்ளே நாலு பேர் போயாயிற்று. ஐந்தாவதாகத் தங்கை படியில் கால் வைத்தாள்.

"ஏட்டி, நில்லு! உள்ள போகாத! எல்லாரும் வெளியே வாங்க!"

அது என் குரல்தான். வாசலில் இருந்த காவலாளி எழுந்து வந்து, நீங்கள் யார், எந்தக் கம்பெனி என்று கேட்டார். தங்கை படியிலேயே நின்று திரும்பிப் பார்த்தாள். அவள் கால் இன்னும் படியை விட்டு இறங்கவில்லை. நான் மூச்சை இழுத்து மறுபடியும் கத்தினேன்.