சாகவிடாத கோழிகள்

பக்கத்து வீட்டிலிருந்து கோழிக்கறி அடிக்கடி வரத் தொடங்கினால் சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. அவர்கள் கால்நடை வைத்திய அலுவலகத்தில் வேலை பார்த்திராதவர்கள். நான் பார்த்தவன். பறவைக்காய்ச்சல் கண்காணிப்பு என்ற பெயரில் மாத்தளை மாவட்டத்துக் கோழிக்கூடுகளுக்குள் குனிந்து குனிந்து முதுகைக் கெடுத்துக்கொண்டேன். ஓய்வு பெற்றபின் அலுவிகாரை வீட்டில் கேற்றைச் சாத்திக்கொண்டு கிடக்கலாம் என்று இருந்தேன். அந்த மழைக்காலத்தில் மதிலுக்கு மேலால் மறுபடியும் ஒரு கிண்ணம் வந்தது.

"என்ன நானா, வீட்டில விசேஷமோ?" என்று கேட்டேன்.

பக்கத்து வீட்டுக்காரர் மிளகும் கறுவாவும் வாங்கி விற்கிறவர். முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே நானா என்றுதான் கூப்பிடுவது. "விசேஷம் ஒண்டும் இல்ல சேர். கோழி தூங்கிச்சி. மவுத்தாக முந்தி அறுத்துட்டேன். செத்தா ஹராமாகிடுமே."

தூங்குவது என்றால் கண்ணை மூடி, தலையைத் தொங்கப்போட்டு, தீனி எடுக்காமல் நிற்பது. இன்னும் எத்தனை தூங்கின என்று கேட்டேன். கூட்டில் அரைவாசி போய்விட்டதாம். ஆனால் ஒன்றுகூடச் சாகவில்லை. எல்லாம் அறுபட்டவை.

எங்கள் கண்காணிப்பு முழுவதும் செத்த கோழி ஒன்றின் மேல்தான் நிற்கிறது. கோழிகள் வழமைக்கு மாறாகச் செத்தால் அறிவியுங்கள் என்று பல்லேபொல வரை சுவரொட்டி ஒட்டியிருக்கிறோம். ஒருவரும் அறிவித்ததில்லை, ஏனென்றால் ஒருவருடைய கோழியும் சாவதில்லை. இவர்கள் மார்க்கப்படி அறுத்தார்கள். மற்றவர்கள் கறியாக்கி விருந்தாளியைக் கூப்பிட்டார்கள். எங்கள் தமிழ் ஆட்கள் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். மேலே போன அறிக்கைகளில் மாவட்டம் நல்ல ஆரோக்கியமாக இருந்தது.

நன்றாக வெந்த கறியில் கிருமி இருக்காது. ஆபத்து சட்டியில் இல்லை, அறுத்து உரிக்கிற கையில் இருக்கிறது.

"ஆர் உரிக்கிறது?"

"பொஞ்சாதிதான். அவவும் காய்ச்சல் புடிச்சி படுத்துட்டா. இண்டைக்குக் கறி நான் ஆக்கினது சேர். உப்புக் கொஞ்சம் கூட."

கிண்ணத்தை மதில்மேல் வைத்துவிட்டு, முகக்கவசத்தைத் தேடி எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அந்த அம்மா உள்ளறையில் இருமிக்கொண்டு கிடந்தார். அறைவாசலில் நின்றே அவரிடம் கேட்டேன்.

"டொக்டரிட்டக் காட்டினீங்களோ?"

"காட்டின சேர். டெங்கு இல்லையாம். பெனடோல் குடுத்தாங்க."

"வருத்தக் கோழி உரிச்சதைச் சொன்னீங்களோ?"

"அவர் கேக்கல்லயே."

"அவர் கேட்க மாட்டார். நீங்கள்தான் சொல்லவேணும்."

இதைச் சொல்லிச் சொல்லியே நான் தொண்டை வற்றிப் போனவன். அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். கால்நடை வைத்தியர் வெளியூர் வேலையில் இருந்தார்; கைத்தொலைபேசியில் பிடித்தேன். மறுநாள் காலையில் வருவதாகவும், கோழி உயிரோடோ செத்தோ முழுசாக இருக்கவேண்டும் என்றும் சொன்னார். எனக்கே பாடம்.

கூட்டில் கபிலக் கோழியொன்று அப்போதுதான் தூங்கத் தொடங்கியிருந்தது. நான் தொலைபேசியை வைப்பதற்குள் வீட்டுக்காரர் கத்தியோடு வந்துவிட்டார்.

"வெட்டாதேங்கோ நானா."

"நாளைக்குச் செத்துப் போனா ஒருத்தருக்கும் ஒதவாது சேர்."

"செத்தால்தான் உதவும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இதுக்கா சேர் இவ்வளவு படிச்சீங்க?"

நல்ல கேள்விதான். விதிமுறை அத்தனையும் எனக்கு மனப்பாடம். ஆனால் ஒரு கோழியைத் தடுத்துவைக்க இப்போது எனக்கு எந்த அதிகாரமும் இல்லை. அவர் குனிந்து கோழியைப் பிடித்துவிட்டார். அப்போது உள்ளிருந்து குரல் வந்தது.

"அத விடுங்க. எனக்கு என்னா வந்திருக்கெண்டு தெரிய வேணாமா? கோழிட ஹலால மட்டும் பாக்கிறீங்களே!"

அவர் கோழியை விட்டார். கத்தியைக் கழுவிவிட்டு ஆட்டோவைக் கூப்பிடப் போனார்.

ஆஸ்பத்திரியில் அவர் மனைவி இந்த முறை கோழியைப் பற்றிச் சொன்னார். உடனே தனி அறையில் படுக்கவைத்து, தொண்டையிலும் மூக்கிலும் மாதிரி எடுத்தார்களாம். கபிலக் கோழி விடியுமுன் செத்தது. கால்நடை வைத்தியர் வந்து கையுறை போட்டு, பைக்குள் பை வைத்துக் கட்டி, ஐஸ்பெட்டியில் இறக்கினார். பிழை பிடிக்க நான் மதிலோரம் நின்றேன். ஒன்றும் அகப்படவில்லை.

முடிவுகள் வரும்வரை பக்கத்து வீட்டுக்காரர் கடை திறக்கவில்லை. கேற்றடியில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். நான் போகும்போதும் வரும்போதும், "ஒங்களுக்கு என்னா தோணுது சேர்?" என்பார். எனக்கு எதுவும் தோன்றக்கூடாது, ஆய்வுகூடத்துக்குத்தான் தோன்றவேண்டும் என்று சொல்ல மனம் வரவில்லை.

அவர் மனைவிக்கு வந்தது பருவத்தோடு வருகிற சாதாரண இன்புளுவென்சா. கோழிகளுக்கு வந்தது ரணிக்கெட் என்கிற கோழிக்கழிச்சல் நோய், மனிதருக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது. மனைவியை வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று, மதிலருகே வந்து சிரித்தார்.

"அப்போ அறுத்திருக்கலாம், என்னா சேர்?"

நல்ல முடிவு வந்தால் எங்கள் தொழிலில் இதுதான் கூலி. அடுத்த முறை அவர் எனக்குத் தெரியாமல் அறுப்பார், கறியும் வராது என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை பகல், சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருந்தேன். மதிலுக்கு அப்பாலிருந்து அந்த அம்மாவின் குரல். எழுந்து போனேன். மூக்கையும் வாயையும் முந்தானையால் மூடிக் கட்டியிருந்தார்.

"சேர், சேவல் தூங்குது. அவர் ஜும்மாவுக்குப் போயிருக்கார். கத்திய நான் ஒளிச்சி வெச்சிட்டேன். ஒங்கட ஒபிசுக்கு ஒரு கோல் எடுங்களே, அவர் வாரத்துக்கு முந்தி."

எனது ஒபிஸ் இல்லை, நான் ஓய்வு பெற்றுவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். தொலைபேசியை எடுத்தேன். மூக்குக்கண்ணாடி அகப்படாததால், மனப்பாடமாக இருந்த இலக்கத்தைத் தடவித் தடவி அழுத்தினேன்.