அடம்பு வரைக்கும்

எங்கள் புளியந்தோப்பு ஹவுசிங் போர்டு வீட்டு வாசலில், மாடிப்படி இறங்குகிற இடத்தில், ஒரு பழைய பெயின்ட் வாளியில் அடம்பங்கொடி இருக்கிறது. கடற்கரை மணலில் தானாகப் படர்கிற கொடி. ஆட்டுக்குளம்பு போலப் பிளந்த இலை, காலையில் விரிந்து மத்தியானத்துக்குள் வாடிவிடும் ஊதாப்பூ. வாளியில் மட்டும் பூக்கவே மாட்டேன் என்கிறது. அதோடு சண்டை போட்டு அலுத்துவிட்டேன்.

சின்ன வயதில் நாங்கள் இருந்த முகத்துவாரக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் அது புடவைக் கரை போல நீளமாகக் கிடந்தது. நைனா கடலுக்குப் போயிருக்க, மீன் கூடையோடு கிளம்பும் அம்மா எனக்கும் தம்பிக்கும் ஒரே சட்டம்தான் வைப்பாள். “அடம்பு வரைக்கும் நம்ம எடம். அப்பால கடலோடது.” நாங்கள் மீறியதே இல்லை. கொடிக்கு இந்தப் பக்கம் குப்புறப் படுத்து, பூவுக்குள் கண்ணை வைத்து, வெளிச்சமெல்லாம் ஊதாவாகத் தெரிய, அலைச்சத்தத்தில் அப்படியே தூங்கிப்போவோம். அவ்வளவு சுகமான தூக்கம் பிறகு எந்தக் கட்டிலிலும் எனக்கு வாய்க்கவில்லை.

இரண்டாயிரம் பிறந்த சமயத்தில் கடல் மணலைத் தின்ன ஆரம்பித்தது. மழைக்காலம் வந்தால் கொடியின் முன்பக்கம் அறுந்து வேர் அந்தரத்தில் தொங்கும். மிச்சக்கொடி வீட்டுப் பக்கமாகப் படரும். சட்டம் மாறவில்லை, எங்கள் இடம்தான் சுருங்கியது. வேறு வீடு பார்க்கலாம் என்று அம்மா சொல்லும்போதெல்லாம், கடல் வரும், போகும், படகை விட்டு எங்கே போவது என்று நைனா மழுப்பிவிடுவார்.

ஒருநாள் காலை கதவைத் திறந்தால் வாசற்படியில் ஒரு பூ விரிந்திருந்தது. பூ எங்களைத் தேடி வந்துவிட்டதென்று எனக்கு ஒரே சந்தோஷம். தம்பி படியிலேயே காலை மடக்கி உட்கார்ந்துகொண்டான். இறங்க இடமில்லை என்று அவனுக்குப் புரிந்திருந்தது. அவனைப் பார்த்த அம்மா கூடையைக் கீழே வைத்தாள். நைனாவிடம் சத்தம்கூடப் போடவில்லை.

“அடம்பு வாசல்ல வந்து நின்னுகினு கீது. இனிமே புள்ளைங்க எங்க வெளையாடும்?”

நைனா அந்தப் பூவையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மாதமே சாமான்களை ஏற்றினோம். வண்டி கிளம்பும்போது, ஈரச்சாக்கில் சுற்றிய கொடித்துண்டு ஒன்றை அவர் என் மடியில் வைத்தார். வீடு இருந்த இடத்தில் இப்போது பாறாங்கல் கொட்டியிருக்கிறார்கள்.

என் மகள் நடக்கத் தொடங்கியதும் படியில் உருண்டுவிடுவாளோ என்று எனக்கு ஒரே பயம். அம்மாதான் வாளியை இழுத்துப் படி ஓரத்தில் வைத்தாள். அதே சட்டத்தை அவளுக்கும் சொன்னாள். அடுப்படியில் நின்று அதைக் கேட்டு அழுதுவிட்டேன்.

நைனா இன்னமும் பஸ் பிடித்துக் கடலுக்குப் போகிறார். திரும்பி வந்தால் படியேறி, வாளிக்கு அந்தப் பக்கமே நின்றுவிடுவார். அம்மா எழுந்து வந்து வாளியை நகர்த்தினால்தான் உள்ளே வருவார்.