அதே மாதிரி இன்னொரு அவரைக்கொட்டை

ஆஸ்டின் டவுன் மரகதம் அக்கா எங்கள் ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருஷமாக ஆயா. ஐந்தாம் வகுப்பு வரை கன்னடப் பள்ளிக்கூடம். தமிழ், கன்னடம், தக்னி உருது மூன்றிலும் சண்டை போடுவார். மூச்சுக்குழலுக்குள் கேமரா டியூப் விட்டுப் பார்க்கும் அறையில் டெக்னீஷியனாக நான் சேர்ந்த அன்று என் கழுத்து அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

"பி.எஸ்ஸியா? படிச்சிட்டோம்னு பக்கெட்ட தாண்டிப் போகாத தம்பி. நகர்த்தி வெச்சிட்டுப் போ."

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். கொஞ்சம் கோபம்தான் வந்தது. ஆனாலும் நகர்த்தி வைத்தேன்.

எதையாவது மூச்சில் இழுத்துக்கொண்ட குழந்தை வந்தால், பெற்றோரிடம் அக்கா முதலில் சொல்வது இதுதான்: "உள்ள போனது மாதிரியே இன்னொண்ணு கொண்டாங்க." எங்கள் அறையின் டாக்டர் கேரல் மேடம் வைத்த வழக்கம் அது. எந்தக் கருவியில் அந்தப் பொருள் நழுவாமல் நிற்கும் என்று கிண்ணத்துத் தண்ணீரில் பிடித்துப் பார்த்த பிறகே டியூபை உள்ளே விடுவார்.

போன ஜனவரியில், அவரைக்காய் சீசனில், தொம்மலூரிலிருந்து வீணா தன் இரண்டு வயது யுவனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். அவரைக்கொட்டையை வாயில் போட்டுச் சிரித்திருக்கிறான், உள்ளே போய்விட்டது. மூச்சுக்கு மூச்சு விசில் சத்தம். வலது நுரையீரலுக்குக் காற்றே போகவில்லை. அவள் கணவன் தினேஷ் வீட்டுக்குத் திரும்பிப் போய் ஒரு கொட்டையைக் கர்ச்சீப்பில் சுற்றிக் கொண்டுவந்தான். பச்சையாக, கொழுகொழுவென்று இருந்தது. பல் வைத்த இடுக்கி அதை முதல் தடவையே கவ்வியது. "இதுவே போதும்" என்றார் டாக்டர்.

யுவனுக்கு மயக்கம் கொடுத்தார்கள். சின்ன சைஸ் மாஸ்க் எடுக்க நான் வெளியே வந்தேன். வீணாவின் கையைப் பிடித்தபடி பெஞ்சருகே நின்றிருந்த அக்கா, அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, விரலெல்லாம் ஏன் இப்படிச் சுருங்கிக் கெடக்கு?"

"காலையிலேர்ந்து பிதுக்கிட்டிருந்தேன்க்கா. ஊற வெச்சு, தோலெடுத்து... கொழம்புக்கு."

"பையன் எதை எடுத்தான்? பிதுக்குனதையா?"

"ஆமாக்கா. பாத்திரத்துலேர்ந்துதான்."

அக்கா தினேஷ் பக்கம் திரும்பினார். "அப்ப நீ கொண்டாந்தது?"

"அதெல்லாம் ஊறிப்போய் கொழகொழன்னு இருந்துச்சு. டாக்டர் கையில குடுக்கறதாச்சேன்னு, புதுக் காய் ஒண்ண உரிச்சு நல்லதா..."

"நல்லதா! கல்யாணச் சமையலுக்கா கேட்டோம்?"

தோலில்லாத பருப்பை அந்த இடுக்கி கவ்வினால் இரண்டாகப் பிளந்துவிடும். ஒரு பாதி இடது பக்கம் விழுந்து அடைத்தால், பையன் மூச்சு விட வேறு வழியே இல்லை. கேட்டிருக்க வேண்டியவன் நான்.

"ஆரம்பிச்சிருப்பாங்களோ..." என்றேன்.

"இங்க நின்னு யோசிக்கறான் பாரு! ஓடுடா!"

ஓடினேன். திரையில் வெளிறிய பருப்பு தெரிந்தது. இடுக்கி அதன் முன்னால் வாயைத் திறந்து நின்றது.

"மேடம், வேணாம்! உள்ள இருக்கறது ஊறினது. தோல் கிடையாது."

அவர் திரும்பவில்லை. "யார் சொன்னா?"

"மரகதம் அக்கா."

இடுக்கி வாயை மூடிக்கொண்டு பின்வாங்கியது. "பாஸ்கெட் குடு."

பாஸ்கெட் என்பது மெல்லிய கம்பிகளால் ஆன குட்டிக் கூடை. அதை விரிப்பதும் மூடுவதும் என் கையில். முதல் தடவை பருப்பு நழுவியது. இரண்டாவது தடவையும். ஆக்ஸிஜன் எண்பத்தெட்டு என்றார்கள், பிறகு எண்பத்து நாலு. மூன்றாவது தடவை கம்பிகள் பருப்பைச் சுற்றிக்கொண்டன.

"மூடு. மெதுவா... மெதுவா. போதும், இறுக்காத."

கட்டைவிரலை அசைக்காமல் வைத்திருந்தேன். டியூப், கூடை, பருப்பு எல்லாம் சேர்ந்தே வெளியே வந்தன. பருப்பின் நடுவில் ஒரு கீறல் ஓடியிருந்தது, ஆனால் பிளக்கவில்லை. டாக்டர் மறுபடி டியூபை உள்ளே விட்டு இரண்டு பக்கமும் பார்த்தார். எண்கள் ஒவ்வொன்றாக ஏறின. வெகுநேரம் கழித்து யுவன் கரகரத்த குரலில் அழுதான்.

வெளியே வந்தேன். வீணா என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். வேலை நேரத்தில் உட்கார்ந்தே நான் பார்த்திராத அக்கா, கதவோரம் தரையில் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் கொடுத்தேன். வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"துண்டு ஏதும் உள்ள நிக்கலியே?"

"இல்லக்கா. மேடம் மறுபடி பாத்துட்டாங்க."

"நீ பாத்தியா?"

"நானும் பாத்தேன்."

அதற்குப் பிறகுதான் குடித்தார்.